ஆளுக்கொரு பாகம்

நிக்காசியோ என்ற ஊரில் ஹோலிஸ் என்பவர் தன் கோழிப்பண்ணையை மூடிவிட்டுக் கொட்டகைச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முந்திய நேரம். கோரின் ஹாலரன் தீவன மூட்டைகளை நகர்த்திக்கொண்டே போனவள், சுவரோரம் ஒரு சைக்கிள் பிரேமின் பின்பாகம் துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டாள். வளைந்து இறங்கும் இரட்டைக் குழாய்கள், எழுபது எண்பது வருடத்துக் கனம். கையை விட்டுப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். பிரேம் எதிர்ப்பக்கமாகப் போயிற்று.

மூட்டைகளுக்கு அந்தப்பக்கம் ஒரு ஆள் முன்பாகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குள்ளமான மனிதர், சீராக வெட்டிய வெள்ளைத் தாடி, இஸ்திரி போட்ட சட்டை. கோழிக் கொட்டகைக்கு யார் இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார்கள் என்று கோரின் நினைத்தாள்.

"மன்னிக்கணும். இதை நான் முதல்ல பார்த்துட்டேன்," என்றார் அவர்.

"பார்த்தது நீங்களா இருக்கலாம். தொட்டது நான்."

"ஹேண்டில் மாட்டுற பக்கம் என் கையில இருக்கு. அதுதான் தலை."

"ஓட வைக்கிற சக்கரத்தை மாட்டுறது என் பக்கம்தான்."

ஹோலிஸ் சாண்ட்விச்சை மென்றுகொண்டே வந்து இரண்டு பேரையும் பார்த்தார். "உள்ள ரம்பம் இருக்கு. பாதியா அறுத்துத் தரவா?"

"ஐயையோ, வேண்டாம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அப்போ ஆளுக்குப் பாதி காசு வையுங்க. சேர்ந்தே தூக்கிட்டுப் போங்க. எனக்கு இன்னும் நானூறு தண்ணிக் கிண்ணம் விக்கணும்."

அப்படித்தான் அந்தப் பிரேம் இரண்டு பேருக்குச் சொந்தமாயிற்று.

கோரினுக்கு வயது ஐம்பத்து மூன்று. இருபத்தாறு வருடமாக ஃபேர்ஃபாக்ஸில் தபால் கொடுப்பவள். ஆறடிக்கு ஒரு விரல்கடை குறைவு. ஒவ்வொரு அக்டோபரிலும் முதல் சனிக்கிழமையன்று ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைமேலிருந்து ஒரு கூட்டம் சைக்கிளில் இறங்கும். முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் கூடாது, கியர் கூடாது, பழைய பாணிப் பிரேமும் தடித்த டயரும்தான் இருக்க வேண்டும். ஊரில் அதற்கு லொடக்கு ஓட்டம் என்று பெயர். அத்தனை வருடமும் கோரின் சனிக்கிழமைகளில் தபால் பையோடு தெருவில் நின்றாள். தூசி படிந்த முகங்களோடு அந்தக் கூட்டம் கத்திக்கொண்டே போவதை வேடிக்கை பார்த்திருக்கிறாள். இந்த வருடம்தான் அவளுக்குச் சனிக்கிழமை விடுமுறையாக மாறியது. ஒரு லொடக்கு வண்டி கட்டிவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள்.

அந்த மனிதரின் பெயர் டெல்மர் விக்ஸ். பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது தொழில். பழைய சைக்கிள் கட்டுவதில் இந்தப் பக்கத்தில் அவர் பெயர் தெரியாதவர் கிடையாது. கோரினுக்கும் தெரிந்திருந்தது, ஆளை மட்டும் பார்த்ததில்லை. ஏனென்றால் அவர் வீடு பக்கத்து ஊரான சான் அன்செல்மோவில், வேறொருத்தர் தபால் கொடுக்கும் தெருவில்.

பண்ணையிலிருந்து திரும்பும் வழியில் இருந்த பேக்கரி வாசலில் காப்பியோடு உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். பேக்கரிப் பையின் முதுகில் கோரின் எழுதினாள். பாகங்களை மாற்றி மாற்றித் தேர்ந்தெடுப்பது. முதலில் அவள், பிறகு அவர். ஒருவர் எடுத்ததை மற்றவர் குறை சொல்லக்கூடாது. ஆனால் ஆளுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முடியாது என்று சொல்லலாம். வண்டியை வைத்திருப்பது மார்செல்லாவின் கடையில், ஏனென்றால் மார்செல்லா இருவருக்கும் வேண்டியவள், இருவருக்கும் பயப்படாதவள்.

"குறை சொல்லக்கூடாதுன்னா, முகத்தைச் சுளிக்கலாமா?" என்று கேட்டார் டெல்மர்.

"அது உங்க முகம். என்ன வேணா பண்ணுங்க."

மார்செல்லாவின் சைக்கிள் கடை பழைய மருந்துக்கடைக் கட்டிடத்தில் இருந்தது. பிரேமை இரும்புப் பிடியில் மாட்டிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சுண்டிக் காதால் கேட்டாள். "விரிசல் இல்ல. கோழி எச்சம்தான் இதைக் காப்பாத்தியிருக்கு போல. சரி, யாரு ஆரம்பிக்கிறது?"

கோரின் டயரை எடுத்தாள். கடையில் இருந்ததிலேயே தடித்தது, பெரிய பெரிய ரப்பர்க் குமிழ்களோடு. டெல்மர் மூக்கைச் சுளித்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர் முறையில் ஹேண்டில்பார். அதற்காக அவர் தன் காரிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். அகலமாக விரிந்து மேலே ஏறி, நடுவில் குறுக்குக்கம்பி வைத்தது. கண்ணாடிபோல் பளபளத்தது. கோரின் அதைப் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய நீளமான கைகளுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

"பரவாயில்ல," என்றாள்.

"பரவாயில்லையா! இதைத் தேடி எத்தனை வருஷம்..."

"குறை சொல்லலையே நான்."

அடுத்த வாரம் அவள் பெடல் எடுத்தாள். முள் முள்ளாக இருக்கும் இரும்புப் பெடல், பூட்ஸைப் பிடித்தால் விடாது. டெல்மர் ஒரு போலிப் பெட்ரோல் டாங்கியை எடுத்தார். அந்தக் காலத்து சைக்கிள்களில் மேல்குழாய்களுக்கு நடுவே பொருத்துவது. உள்ளே ஒன்றும் இருக்காது, வெளியே ஓர் அம்புக்குறி ஓடும்.

"எதுக்கு இது?" என்றாள் கோரின்.

"அழகுக்கு."

"மலையில இருந்து இறங்கும்போது தகரம் தடதடன்னு அடிச்சுக்கும். பின்னால யாரோ பாத்திரம் உருட்டிட்டு வர்ற மாதிரி இருக்கும். முடியாது. என் ஒத்தை முடியாது இதுதான்."

"இவ்வளவு சீக்கிரமாவா? யோசிச்சுக்குங்க. இன்னும் நிறைய பாகம் இருக்கு."

"யோசிச்சுட்டேன்."

டெல்மர் சந்தோஷமாக டாங்கியை எடுத்து வைத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் பின்சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றி இருக்கும் ஹப்பைத் தேர்ந்தெடுத்தார். பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் ரகம். அப்போதுதான் கோரினுக்கு உறைத்தது, டாங்கி வெறும் தூண்டில் என்று. அவருக்கு வேண்டியிருந்தது ஹப்தான். அந்தப் பிரேக் நீண்ட இறக்கத்தில் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும் என்பது லொடக்குக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"பியானோக்காரரே, நீங்க ரொம்ப மோசமான ஆளு," என்றாள்.

"டாங்கி நிஜமாவே பிடிச்சிருந்துச்சு," என்றார் அவர் அப்பாவியாக. மார்செல்லா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

கோரின் விட்டுவிடவில்லை. அவள் முறையில் முன்சக்கரத்துக்கு ஒரு பழைய மொபெட்டின் டிரம் பிரேக்கைத் தேடிப் பிடித்தாள். பெட்டலுமாவில் ஒரு காயலான் கடையில், எலிக்கூட்டுக்கு அடியில் கிடந்தது. அதைப் பொருத்துவதற்காக மார்செல்லா சக்கரக் கம்பிகளை மூன்று தடவை பின்னிப் பின்னிப் பிரித்தாள். பிடிப்பதற்கு மோட்டார் சைக்கிளின் லீவர், உள்ளங்கை நீளம். "இதை அழுத்துனா ரயிலே நிக்கும்," என்றாள் மார்செல்லா. டெல்மர் அதன் கனத்தைக் கையில் நிறுத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

சீட் விஷயத்தில் அவர் தன் ஒரே 'முடியாது'வைச் செலவழித்தார். கோரின் எடுத்தது மெத்தை வைத்த புது சீட், கீழே ரப்பர். "இருபத்தாறு வருஷம் தபால் ஜீப்புல உட்கார்ந்த உடம்பு இது," என்று அவள் வாதாடினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "இந்த பிரேம் மேல அதைப் பார்த்தா எனக்குச் சாப்பாடு இறங்காது. முடியாது. தோல் சீட் என்கிட்ட ஒண்ணு இருக்கு, அடியில ரெண்டு சுருள் ஸ்பிரிங். வந்து உட்கார்ந்து பாருங்க. பிடிக்கலைன்னா வேற பார்ப்போம்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் டெல்மரின் வீட்டுக்குப் போனாள். அவர் காப்பி போட்டுக்கொண்டிருக்கும்போது கராஜில் தனியாக நின்றாள். சுவரில் ஐந்து சைக்கிள்கள் தொங்கின. ஒவ்வொன்றும் பார்க்கப் பார்க்கத் தெவிட்டாத அழகு. பச்சையில் வெண்கோடு ஓடிய ஒன்று, செம்பு நிறத்தில் ஒன்று. கோரின் ஒன்றன் டயரில் கையை வைத்தாள். புது டயரில் ரப்பர் மயிர் நீட்டிக்கொண்டிருக்குமே, அது அப்படியே இருந்தது. ஒரு மைல் ஓடினால் தேய்ந்து போய்விடும் மயிர். அடுத்ததைத் தடவினாள். அதிலும் இருந்தது. ஐந்திலும் இருந்தது.

டெல்மர் இரண்டு கோப்பைகளோடு வந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. எந்த வீட்டில் யாருக்கு என்ன கடிதம் வருகிறது என்று தெரிந்தும் இருபத்தாறு வருடம் வாயைத் திறக்காதவள் அவள். தோல் சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தாள்.

செப்டம்பர் நடுவில் வண்டி வண்டியாகிவிட்டது. அப்போதுதான் மார்செல்லா இருவரையும் பக்கம் பக்கமாக நிறுத்திவைத்துப் பார்த்தாள். கோரினின் தோளுக்குக் கீழேதான் டெல்மரின் தலை.

"ஒரே வண்டி. இவ ஒட்டகச்சிவிங்கி, நீங்க இந்த உயரம். சீட்டை எந்த உயரத்துல வைக்கப்போறீங்க? இதை ரெண்டு பேருமே யோசிக்கலையா?"

இருவரும் யோசிக்கவில்லை. ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே தளர்த்தி இறுக்கக்கூடிய லீவர் பூட்டு ஒன்றை மார்செல்லா டப்பாவிலிருந்து எடுத்து சீட்டுக் குழாயில் மாட்டினாள். "இது என் முறை. யாரும் முடியாதுன்னு சொல்ல முடியாது, ரெண்டு பேரும் தீர்த்துட்டீங்க."

மிச்சம் இருந்தது வண்ணம். டெல்மரின் முறை. அதற்காகவே அவர் காத்திருந்திருப்பார் என்று கோரின் நினைத்தாள். வெண்கோடு, அம்புக்குறி, என்னென்னவோ வரும் என்று பயந்தும் இருந்தாள். ஆனால் அவர் வண்ண அட்டையைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் போயிற்று. அடுத்த வாரம் சக்கர விளிம்பை மறுபடி மெருகேற்ற வேண்டும் என்றார். அப்புறம் செயின் பழைய பாணியில் இல்லை என்றார். கடைசியில், லொடக்கு ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இந்த வருஷம் வேண்டாம்னு தோணுது. அவசரப்பட்டா கெட்டுப்போயிடும். வண்ணம் நல்லா காயணும். அடுத்த வருஷம் ஜம்முனு இறக்கலாம்."

மார்செல்லா எதையோ தேடுவதுபோல் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

"டெல்மர்," என்றாள் கோரின். "உங்க கராஜ்ல அஞ்சு சைக்கிள் இருக்கு. டயர்ல மயிர் கூட உதிரல."

அவர் வண்ண அட்டையை மூடினார். தாடியைத் தடவினார். மறுபடி திறந்தார்.

"முப்பத்தொரு வயசுல ஒரு தடவை போனேன்," என்றார். "மேல நின்னு கீழ பார்த்தேன். முதல் வளைவு வரைக்கும் போனேன். அங்க பாதை அப்படியே கீழ விழுற மாதிரி இருந்துச்சு. இறங்கிட்டேன். தள்ளிக்கிட்டே அடிவாரம் வரைக்கும் நடந்தேன். டயர் பஞ்சர்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். நம்புறதுக்காக நானே ஆணியால குத்துனேன்."

"புது டயரையா?"

"புது டயரை."

கோரினுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரும் சிரித்துவிட்டார், இத்தனை வருடமாக நெஞ்சுக்குள் அடைத்திருந்த ஏதோ ஒன்று நகர்ந்துவிட்டதுபோல.

"அதுக்கப்புறம் கட்டிக்கிட்டே இருந்தேன். கட்டுறவனை யாரும் ஏன் ஓட்டலைன்னு கேக்கமாட்டாங்க. எல்லாரும் வந்து பார்த்துட்டு வாவ்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

"சரி, கேளு," என்றாள் கோரின். 'நீங்க' போய் 'நீ' வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. "மேல் பாதி செங்குத்து. அதை நான் எடுத்துக்குறேன். நடுவுல பெரிய பாறை இருக்குற சமவெளியில நீ நில்லு. அங்கேயிருந்து கீழ் பாதி உனக்கு. அது சரிவுதான், விழுறது இல்ல."

"விழுந்துட்டா?"

"விழுந்தா எந்திரிச்சுக்க. வண்ணம் என்ன?"

"வண்ணமே வேண்டாம்," என்றார் டெல்மர். "துருவைத் தேய்ச்சுட்டு எண்ணெய் பூசுவோம். கீறல் விழுந்தா தெரியக்கூடாது பாரு."

அக்டோபர் முதல் சனிக்கிழமை பனிமூட்டம் கடலைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டிருந்தது. பிக்கப் வண்டிகள் நாற்பத்தொரு சைக்கிள்களை மேலே ஏற்றிக்கொண்டு போய் இறக்கின. காய்ந்த புல் மஞ்சளாக நின்றது. ஒருத்தர் ஹவாய்ச் சட்டையில், ஒருத்தி கல்யாண கவுனில். இரண்டு நிமிடத்துக்கு ஒருவராக அனுப்பினார்கள்.

கோரின் பெடலில் காலை வைத்து அழுத்தினாள். முதல் வளைவில் டெல்மர் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. பாதை நிஜமாகவே கீழே விழுந்தது. அவளுக்கு யோசிக்க நேரமில்லை. பின்னால் மிதித்தாள், முன் லீவரை இரண்டு விரலால் தொட்டாள், அகலமான ஹேண்டில்பார் அவள் கைக்குள் மாடுபோல் முரண்டு பிடித்தது. தடித்த டயர் கல்லையெல்லாம் விழுங்கிக்கொண்டே போயிற்று. சுருள் ஸ்பிரிங்குகள் கிறீச்சிட்டன. தோல் சீட்டை எடுத்ததற்காக அவரை அவள் மனதுக்குள் ஒரு தடவை வாழ்த்தினாள், ஹப்பை எடுத்ததற்காக நான்கு தடவை திட்டினாள். கத்திக்கொண்டே இறங்குவது தான்தான் என்று மூன்றாவது வளைவில்தான் அவளுக்குத் தெரிந்தது.

பாறையருகே வந்து நின்றபோது பின் ஹப்பிலிருந்து புகை கிளம்பியது. கருகிய கிரீஸ் நாற்றம். கோரின் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"ஊத்தாதே!" டெல்மர் ஓடிவந்து பாட்டிலைப் பிடுங்கினார். "சூட்டுல தண்ணி பட்டா வெடிச்சுரும். ஊது!"

இருவரும் மண்டியிட்டு ஹப்பை ஊதினார்கள். கல்யாண கவுன் போட்டவள் அவர்களைக் கடந்து போகும்போது, "என்ன, பிறந்தநாளா?" என்று கத்தினாள்.

கோரின் லீவரைத் தளர்த்திச் சீட்டைக் கீழே தள்ளி இறுக்கினாள். டெல்மர் ஏறி உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கீழே பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கீழே பார்த்தார்.

"கண்ணை மட்டும் மூடாதே," என்றாள் கோரின்.

"மூடினாதான் தைரியம் வரும்," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அவள் தள்ளிவிட வேண்டியிருக்கவில்லை.

அவள் பின்னாலேயே ஓடினாள். வளைவுக்கு அப்பாலிருந்து ஒரு நீண்ட ஓலம் கேட்டது. பிறகு புதர் முறியும் சத்தம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. கோரின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வளைவைத் தாண்டினாள். பாதையோரம் வண்டி கிடந்தது, முன்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம்.

"டெல்மர்! டெல்மர்!"

செடிகளுக்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது. பிறகு தலை. தாடியில் இலைகள், முழங்காலில் பேண்ட் கிழிந்து தொங்கியது.

"விழுந்துட்டேன்!" என்றார். ஏதோ பரிசு கிடைத்ததைச் சொல்வதுபோல் இருந்தது. "கோரின், நான் விழுந்துட்டேன்! ஒண்ணும் ஆகல!"

"நீ நிக்கிறது விஷ ஓக் செடிக்குள்ள, பட்டாலே அரிக்கும். வெளிய வா முதல்ல."

"அது அப்புறம்," என்று வண்டியைத் தூக்கி நிறுத்தினார். ஹேண்டில்பாரில் நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது. அவர் அதைக் கவனித்தாரா இல்லையா என்று கோரினுக்குத் தெரியவில்லை. அதற்குள் ஏறிப் போய்விட்டார்.

அவள் அரை மணி நேரம் நடந்து அடிவாரத்துக்கு வந்தபோது மார்செல்லா காகிதத் தட்டில் பரிட்டோ என்ற ரொட்டிச் சுருளோடு நின்றிருந்தாள். "முப்பத்தெட்டாவது," என்றாள். "நாப்பத்தொண்ணுல. மூணு பேரு இன்னும் வந்து சேரல, அதுல ஒருத்தரு தூங்கிட்டாருன்னு கேள்வி."

டெல்மர் புல்லில் மல்லாந்து கிடந்தார். யாரோ ஒருவரிடம் ஏதோ வளைவைக் கைகளால் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். அவள் நிழல் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்தார். "சீட்டை ஏன் அவ்வளவு கீழ வெச்சே? முழங்கால் தாடியில இடிக்குது!" என்று சண்டைக்கு வந்தார்.

வண்டியைக் கோரினின் ஸ்டேஷன் வேகன் காரில் நீளவாக்கில் போட்டார்கள். முன்சக்கரம் இருவருக்கும் நடுவில் வந்து நின்றது. டெல்மர் ஏறியதிலிருந்து பேசிக்கொண்டே வந்தார். பாறையில் தொடங்கினார். முதல் சரிவில் கால் தானாகவே பின்னால் மிதித்தது, காற்று காதுக்குள் எப்படிப் புகுந்தது, விழுவதற்கு முந்திய நொடியில் ஒரு நீலப் பறவை கிளையிலிருந்து தன்னைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது, எல்லாவற்றையும் சொன்னார். அவள் அந்த மலையில் அதற்கு முன்னாலேயே இறங்கியிருந்தாள் என்பதை மறந்தே போய்விட்டார். கழுத்தை வேறு சொறிய ஆரம்பித்துவிட்டார்.

"அப்புறம்?" என்றாள் கோரின்.

"அப்புறம்தானே விஷயமே இருக்கு. ரெண்டாவது திருப்பம் வருதா..."

அவருடைய தெரு வந்தது. கதை இன்னும் இரண்டாவது திருப்பத்தில்தான் நின்றது. கோரின் இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராக ஓட்டினாள்.